எலிக்குக் கட்டி வந்தது எதனால்? மரபணு, வைரஸ், ஹார்மோன் மூன்றையும் பிரித்துப் பார்க்கும் முறை

பெண் எலியின் முன்னங்காலுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி. போன வாரம் தடவியபோது இல்லை. கூண்டு அட்டையில் சி3எச் என்று எழுதியிருக்கிறது, அது ஓர் ஆய்வக எலி வரிசையின், அதாவது ஸ்ட்ரெயினின், பெயர்; வயது ஒன்பது மாதம், நான்கு ஈற்று ஈன்ற எலி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் “சி3எச் தானே, அந்த ஸ்ட்ரெயினுக்கு மார்பகக் கட்டி வரும்” என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார்கள். அது பதிலே இல்லை. அந்த எலிக்குக் கட்டி வந்ததில் அதன் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, குட்டியாக இருந்தபோது குடித்த பாலில் வந்த வைரஸுக்குப் பங்கு உண்டு, நான்கு முறை சினையாகிப் பால் கொடுத்ததில் ஏறி இறங்கிய ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் “ஸ்ட்ரெயின்” என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டால், பிறகு நீங்கள் கொடுக்கும் மருந்து எதைத் தடுத்தது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

பால்சுரப்பிக் கட்டியை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடம் அதுதான். அதைப் பிரிக்கப் பழகிவிட்டால் கல்லீரல் கட்டிக்கும் ரத்தப் புற்றுக்கும் அதே யோசனைதான், கருவிகள் மட்டும் கொஞ்சம் மாறும். நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் எந்த எலியையும் தொட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்

இந்த வரலாற்றை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையும் அதில் அதே வரிசையில் இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் கிரான்பி என்ற ஊரில் ஏபி லாத்ராப் என்ற பெண்மணி எலி வளர்த்து விற்றுவந்தார். முன்பு பள்ளி ஆசிரியை. சில எலிகளின் தோலில் ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது என்று கவனித்து ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பினார், லியோ லோப் அது புற்று என்று உறுதி செய்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வம்சாவளிக் குறிப்புகளை வைத்து வேலை செய்தார்கள். சில குடும்பங்களில் கட்டி அதிகம், சிலவற்றில் குறைவு, அது ஒன்று. சினைப்பையை எடுத்துவிட்டாலோ குட்டி போட விடாமல் வைத்தாலோ கட்டி குறைகிறது, அது இன்னொன்று. 1910-களிலேயே மரபும் ஹார்மோனும் கைக்கு வந்துவிட்டன. 1932-ல் பிரான்சில் அந்துவான் லக்கஸாஞ் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு ஆண் எலிகளுக்கே பால்சுரப்பிக் கட்டி வரவைத்துக் காட்டினார்.

மூன்றாவது கை மறைந்தே இருந்தது. 1929-ல் கிளாரன்ஸ் குக் லிட்டில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகத்தைத் தொடங்கினார். அங்கே கட்டி அதிகம் வரும் ஸ்ட்ரெயினையும் குறைவாக வரும் ஸ்ட்ரெயினையும் இரு திசையிலும் கலந்து பார்த்தார்கள். கலப்பு மகள்களுக்குக் கட்டி வருமா வராதா என்பது தாய் எந்த ஸ்ட்ரெயின் என்பதைப் பொறுத்தே இருந்தது. 1933-ல் இதை வெளியிட்டார்கள். 1936-ல் ஜான் பிட்னர் பிறந்த குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்து வேறு ஸ்ட்ரெயின் செவிலித்தாயிடம் பால் குடிக்க விட்டார், கட்டி குறைந்தது. பாலில் ஏதோ இருக்கிறது. அதைத்தான் பிற்பாடு எலி பால்சுரப்பிக் கட்டி வைரஸ், சுருக்கமாக எம்எம்டிவி, என்று அடையாளம் கண்டார்கள். மரபு, ஹார்மோன், பால் என்று மூன்று காரணிகளாகப் பிட்னர் பிரித்து வைத்தது இன்றைக்கும் அப்படியே பயன்படுகிறது.

எலியின் முழுப் பெயரைப் படியுங்கள்

கூண்டு அட்டையில் வெறும் “சி3எச்” என்று இருந்தால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை. சி3எச்/எச்இஜே என்பதும் சி3எச்/எச்இஎன் என்பதும் ஒன்று அல்ல. எச்இஜே எலிக்கு டிஎல்ஆர்4 மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அதனால் பாக்டீரியாவின் வெளியுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளை அது உணராது. “நம் சோதனைக்கு அது எதற்கு” என்று கேட்கலாம். எம்எம்டிவி குடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் அந்தப் பொருளைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு, டிஎல்ஆர்4 வழியாகத்தான் எலியின் எதிர்ப்பாற்றலை அடக்குகிறது. அந்த வழி அடைபட்ட எச்இஜே எலிகள் தலைமுறை போகப் போக வைரஸைத் தொலைத்துவிடுகின்றன. பெயரின் கடைசி எழுத்து உங்கள் முடிவையே மாற்றிவிடும்.

பெயரின் நடுவில் வரும் சிறிய “எஃப்” எழுத்தையும் பாருங்கள். பால்ப்/சிஎஃப்சி3எச் என்று இருந்தால், பால்ப்/சி எலியை சி3எச் செவிலித்தாயிடம் பால் குடிக்க விட்டு உருவாக்கிய வரிசை என்று பொருள். மரபணு பால்ப்/சி, வைரஸ் சி3எச்சிலிருந்து. பால்ப்/சிக்குத் தானாகப் பால்சுரப்பிக் கட்டி வருவது குறைவு, வைரஸ் கொடுத்தால் நன்றாகவே வரும். அதே வைரஸுக்கு சி57பிஎல்/6 என்ற ஸ்ட்ரெயின், சுருக்கமாக சி57, அவ்வளவு எளிதில் மசியாது. அதற்கு ஒரு காரணம் தெரிந்ததுதான்: வைரஸின் சூப்பர் ஆன்டிஜெனை, அதாவது நோய் எதிர்ப்புச் செல்களைக் கூட்டமாகத் தூண்டிவிடும் அதன் புரதத்தை, தூக்கிக் காட்டத் தேவையான ஐ-இ என்ற புரதம் அந்த ஸ்ட்ரெயினில் உருவாவதே இல்லை.

மற்ற ஸ்ட்ரெயின்களின் சுபாவமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஏ ஸ்ட்ரெயினுக்கு நுரையீரல் கட்டி, ஏகேஆருக்கு மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியில் தொடங்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, 129-க்கு விந்தகத்தில் டெரட்டோமா என்ற பலவகைத் திசு கலந்த கட்டி, சி3எச் ஆண்களுக்குக் கல்லீரல் கட்டி. ஸ்ட்ரெயின் என்ற பெயருக்குத் தகுதி பெற அண்ணன் தங்கையை 20 தலைமுறையாவது தொடர்ந்து இணை சேர்த்திருக்க வேண்டும், ஆனால் அதன் பிறகும் ஒவ்வொரு விலங்குக்கூடத்திலும் புதிய மரபணு மாற்றங்கள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். எனவே பத்து வருடமாக உங்கள் கூடத்திலேயே பெருகிய எலிகளை வெளியிலிருந்து வாங்கிய எலிகளோடு ஒப்பிடாதீர்கள், ஒரே ஸ்ட்ரெயின் பெயர் இருந்தாலும் சரி.

இரு திசைக் கலப்பு

சி3எச் தாய், சி57 தந்தை ஒரு பக்கம். சி57 தாய், சி3எச் தந்தை மறு பக்கம். இரண்டிலும் பிறக்கும் மகள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மகள்கள் ஏன் என்றால், இரு பக்கத்திலும் மகளுக்கு ஒரு எக்ஸ் தாயிடமிருந்து, ஒரு எக்ஸ் தந்தையிடமிருந்து, ஆக குரோமோசோம் கணக்கில் இரண்டு குழுவும் ஒன்றே. மகன்களில் எக்ஸ் மாறிவிடும், கணக்குக் குழம்பும்.

இரண்டு குழுவிலும் கட்டி ஒரே வயதில் ஒரே அளவுக்கு வந்தால் மரபணுதான் முன்னால் நிற்கிறது. தாய் சி3எச்சாக இருக்கும் குழுவில் மட்டும் அதிகமாக வந்தால், தாய்வழியாக வேறு ஏதோ வருகிறது. அது பாலாக இருக்கலாம், கருப்பைச் சூழலாக இருக்கலாம், மைட்டோகாண்ட்ரியாவாக இருக்கலாம், தாய் தந்தை முத்திரை பதிந்த மரபணுவாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் “வைரஸ்” என்று எழுதிவிடக் கூடாது, இன்னும் ஒரு படி இருக்கிறது. அப்புறம், இரண்டு குழுவையும் கன்னி எலிகளாகவே வைத்திருங்கள், அல்லது இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் ஈன விடுங்கள். ஒரு குழுவை ஈன விட்டு மறு குழுவைச் சும்மா வைத்திருந்தால் நீங்கள் அளப்பது ஹார்மோனைத்தான்.

செவிலித்தாய் சோதனை

எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். செலவு குறைவு, ஆனால் கை சுத்தமும் நேரமும் வேண்டும்.

பிறந்த குட்டியை மல்லாக்கப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ரோமம் இல்லாத மெல்லிய தோலுக்குள்ளே, வயிற்றின் இடது பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தால் அது இரைப்பையில் இருக்கும் பால். அந்தக் குட்டி ஏற்கெனவே தாயிடம் குடித்துவிட்டது, வைரஸை நீக்கும் சோதனைக்கு அது இனி உதவாது. ஒரு முறை குடித்தால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பிரசவ நேரத்தைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை என்றால், சினைக்காலம் 19 முதல் 21 நாள் என்ற கணக்கில் நாள் குறித்து சிசேரியன் செய்து எடுப்பதே நல்லது. இணை சேர்ந்த மறுநாள் காலையில் யோனி அடைப்பைப் பார்த்துத் தேதி எழுதி வைத்திருந்தால்தான் அது சாத்தியம்.

செவிலித்தாயை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், வைரஸ் இல்லாத ஸ்ட்ரெயின், ஓரிரு நாள் முன்பு ஈன்றது, இதற்கு முன் ஒரு ஈற்றையாவது நல்லபடியாக வளர்த்தது. அதன் குட்டிகளை எடுத்துவிட்டு, புதிய குட்டிகளை அதன் கூட்டுப் பஞ்சிலேயே மெல்லப் புரட்டி வாசனை ஏற்றி விட வேண்டும். குட்டியின் நிறம் செவிலித்தாயின் இனத்துக்கு மாறாக இருந்தால் பெரிய உதவி, ஏனென்றால் செவிலித்தாயின் சொந்தக் குட்டி ஒன்று தவறிப்போய்க் கூட்டில் தங்கியிருந்தாலும் வளர்ந்ததும் ரோமத்தின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை எலிக்குட்டி என்றால் பிறந்த அன்றே கண்டுபிடிக்கலாம்: மூடிய இமைக்கு உள்ளே மற்ற குட்டிகளுக்குக் கரிய புள்ளியாகத் தெரியும், வெள்ளை எலிக்குத் தெரியாது.

குழுக்களை நான்காக வையுங்கள். சி3எச் குட்டி வைரஸ் இல்லாத தாயிடம். வைரஸ் இல்லாத குட்டி சி3எச் தாயிடம். மீதி இரண்டும்தான் பலர் விட்டுவிடுவது: சி3எச் குட்டி வேறொரு சி3எச் தாயிடம், வைரஸ் இல்லாத குட்டி வேறொரு வைரஸ் இல்லாத தாயிடம். கூடு மாறுவதே குட்டிக்கு ஒரு அதிர்ச்சி, பாலின் அளவும் அதிலிருக்கும் எதிர்ப்பொருளும்கூட மாறுகின்றன, அந்த விளைவைக் கழிக்க இந்த இரண்டு குழுவும் இல்லாமல் முடியாது.

இன்னொன்று, கணக்குப் போடும்போது ஒரு குட்டியை ஒரு எண்ணாக எடுக்காதீர்கள். ஒரே தாயிடம் குடித்த எட்டுக் குட்டிகளுக்கும் வைரஸ் நிலை ஒன்றுதான். உங்கள் மாதிரி எண்ணிக்கை என்பது ஈற்றுகளின் எண்ணிக்கை. மூன்று தாயிடமிருந்து 24 குட்டி வைத்துக்கொண்டு 24 என்று எழுதுவது தவறு.

வைரஸ் சோதனையில் ஒரு பொறி

வாலை நறுக்கி டிஎன்ஏ எடுத்து எம்எம்டிவிக்குப் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) போட்டால் கிட்டத்தட்ட எல்லா ஆய்வக எலியும் “உண்டு” என்றே சொல்லும். சி57பிஎல்/6 கூட. காரணம், பல தலைமுறைகளுக்கு முன்பே இந்த வைரஸ் இனச்செல்களுக்குள் நுழைந்து குரோமோசோமில் தங்கிவிட்டது, அதற்கு எம்டிவி என்று பெயரிட்டு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை முழு வைரஸை உருவாக்குவதில்லை. பாலில் வரும் வைரஸையும் குரோமோசோமில் தங்கிய வைரஸையும் பிரிக்க, சூப்பர் ஆன்டிஜென் மரபணுவின் கடைசிப் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசமாக இருக்கும் வரிசையைக் குறிவைத்துப் பிரைமரை, அதாவது பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை, வடிவமைக்க வேண்டும். அதைவிட நேரடியான வழி, பால் கொடுக்கும் எலியிடமிருந்து பாலைக் கறந்து அதில் வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்ப்பது.

செவிலித்தாய் முறையாலும் கரு மாற்றத்தாலும் பாலில் வரும் வைரஸைத்தான் நீக்க முடியும். குரோமோசோமில் இருப்பது கூடவே வரும். வைரஸ் நீக்கிய சி3எச் பெண்களுக்கும் வயதான பிறகு கொஞ்சம் கட்டி வருவது இதனால்தான், எம்டிவி1 அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஜிஆர் என்ற ஸ்ட்ரெயினில் எம்டிவி2 இன்னும் வீரியமானது, பாலை மாற்றினாலும் கட்டி நிற்காது. அந்த மாதிரி இடத்தில் “இது மரபணுவா வைரஸா” என்று கேட்டால், மரபாக வரும் வைரஸ் என்பதுதான் நேர்மையான பதில்.

வைரஸ் போகும் பாதையில்தான் ஹார்மோன் காத்திருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் சோதனை வடிவமைப்பில் பாதித் தவறுகள் தானாகக் குறையும். குட்டி குடித்த பாலிலிருந்து வைரஸ் குடலுக்குப் போகிறது, குடல் சுவரில் உள்ள பேயர் திட்டுகள் வழியாக நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் நுழைகிறது. அங்கே சூப்பர் ஆன்டிஜென் டி செல்களைக் கூட்டமாகத் தூண்டிவிடுகிறது, செல்கள் பெருகப் பெருக வைரஸும் பெருகுகிறது. பிறகு பருவ வயதில் பால்சுரப்பி வளரத் தொடங்கும்போது இந்தச் செல்கள் சுமந்துபோய் அங்கே சேர்க்கின்றன. எலியின் எதிர்ப்பு மண்டலம் இல்லாமல் இந்த வைரஸ் ஊர் போய்ச் சேராது.

பால்சுரப்பியில் நுழைந்ததும் வைரஸ் செல்லின் டிஎன்ஏவில் கண்ட இடத்தில் செருகிக்கொள்கிறது. தப்பித்தவறி விண்ட்1 அல்லது எஃப்ஜிஎஃப்3 போன்ற மரபணுவின் பக்கத்தில் விழுந்துவிட்டால், அணைந்து கிடக்க வேண்டிய அந்த மரபணு எரியத் தொடங்குகிறது, அந்தச் செல் பெருகுகிறது. விண்ட்1-ஐ 1982-ல் ரோயல் நுஸ்ஸும் ஹெரால்ட் வார்மஸும் கண்டுபிடித்ததே இப்படி எலிக் கட்டிகளில் வைரஸ் எங்கே செருகியிருக்கிறது என்று தேடியதில்தான்.

வைரஸின் இரு முனையிலும் இருக்கும் எல்டிஆர் என்ற பகுதியில் குளுக்கோகார்ட்டிகாய்டு (அட்ரினல் ஹார்மோன்), புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் வந்து ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. அந்த ஹார்மோன் ஏறினால் வைரஸின் உற்பத்தி ஏறும். எலி சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் ஒருபக்கம் வைரஸ் அதிகமாகிறது, மறுபக்கம் சுரப்பியின் செல்கள் வேகமாகப் பிளவுபட்டு வைரஸ் செருக இடம் தருகின்றன. ஆகவே ஹார்மோனையும் வைரஸையும் தனித்தனிக் காரணமாக எழுதிக் கூட்டிப் போடுவது சரியில்லை, ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறது. ஏ ஸ்ட்ரெயின் இதற்கு நல்ல சாட்சி: வைரஸ் இருக்கிறது, மரபணு இடம் கொடுக்கிறது, ஆனாலும் கன்னி எலிகளுக்குக் கட்டி வருவது அரிது, ஈன்ற எலிகளுக்குத்தான் வருகிறது.

எம்எம்டிவி புரமோட்டர் (மரபணுவை ஓட்டும் பகுதி) வைத்த மரபணு மாற்ற எலிகளை வளர்ப்பவர்கள், அது ஓட்டும் புற்று மரபணு பையிஎம்டி, நியூ, மிக் எதுவாக இருந்தாலும், இதைத் தலையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரமோட்டர் இதே எல்டிஆர்தான். சினைப்பையை எடுத்ததும் கட்டி தாமதமானால், கட்டியின் சுபாவம் மாறியதா, அல்லது புற்று மரபணுவை ஓட்டும் எஞ்சினே வேகம் குறைந்ததா? மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. டெக்சாமெத்தசோன் என்ற செயற்கைக் குளுக்கோகார்ட்டிகாய்டு கொடுக்கும் சோதனையிலும் இதே சிக்கல்தான்.

ஹார்மோனை எடுப்பது, திருப்பிக் கொடுப்பது

சினைப்பையை எடுக்கும் குழு, அதே மயக்கம் கொடுத்து அதே வெட்டுப் போட்டு எதையும் எடுக்காமல் தைத்த குழு, எடுத்துவிட்டு ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்த குழு. மூன்றும் வேண்டும். எந்த வயதில் எடுத்தீர்கள் என்பது மிக முக்கியம், பருவத்துக்கு முன் எடுத்தால் சுரப்பி வளரவே வளராது, பெரியதான பிறகு எடுத்தால் வளர்ந்த சுரப்பி சுருங்கி நிற்கும், இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

எடுத்துவிட்டதால் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். ஜாக்சன் ஆய்வகத்தில் வூலி, ஃபெகெட்டே, லிட்டில் மூவரும் 1939-ல் எழுதியது இது: பிறந்தவுடன் சினைப்பை எடுத்த டிபிஏ எலிகளுக்குப் பிற்பாடு பால்சுரப்பி வளர்ந்து கட்டியும் வந்தது. அட்ரினல் சுரப்பி தடித்து, சினைப்பையின் வேலையைத் தானே எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்தது. இது ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும். ஹார்மோன் சோதனையின் முடிவையே மரபணு தீர்மானித்த இடம் இது.

இதற்கு ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது, ஒருபோதும் விடாதீர்கள். எலியை அறுத்துப் பார்க்கும்போது கருப்பையைப் பாருங்கள். சினைப்பை எடுத்து மாதக்கணக்கில் ஆன எலியின் கருப்பை வெளிறி, நூல் மாதிரி மெலிந்து கிடக்க வேண்டும். சிவந்து, தடித்து, ஈரமாக இருந்தால் எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜன் வருகிறது. சினைப்பைத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், அட்ரினலாக இருக்கலாம், தீவனமாகவும் இருக்கலாம். கருப்பையை எடுத்து எடை போட்டு எழுதுங்கள், இரண்டு நிமிட வேலை.

தீவனம் என்று சொன்னது சும்மா இல்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் சோதனை பாதியில் இருக்கும்போது தீவனத்தை மாற்றிவிட்டார்கள், எங்களுக்குச் சொல்லவும் இல்லை. முன்பு சோயா இல்லாதது, புதியதில் சோயா. சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்று ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் பொருட்கள் உண்டு. அறுத்துப் பார்த்தபோது சினைப்பை இல்லாத எலிகளின் கருப்பைகள் தடித்துக் கிடந்தன. எட்டு மாத உழைப்பைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று, அந்த எலிகள் அத்தனையும் எதற்காக இறந்தன என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு மூட்டையின் தொகுதி எண்ணைப் பார்த்து எழுதாமல் நான் ஒரு கூண்டுக்கும் தீவனம் போட்டதில்லை.

ஈஸ்ட்ரோஜன் வில்லையைத் தோலுக்கடியில் வைக்கும்போது அளவைக் குறைவாகவே வையுங்கள். அதிகமானால் எலிக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், கட்டி வருமுன்னே இறந்துவிடும். பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினை உயர்த்த வேண்டும் என்றால் அதே ஸ்ட்ரெயின் எலியின் பிட்யூட்டரியைச் சிறுநீரக உறைக்கு அடியில் ஒட்டவைக்கும் பழைய முறை இருக்கிறது. மூளையின் கட்டுப்பாட்டிலிருந்து விலகிய பிட்யூட்டரி புரோலாக்டினைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கும், கன்னி எலிக்கும் கட்டி வரும்.

ஆண் எலிகளின் கல்லீரல் கட்டியில் இதே முறை தலைகீழாக வேலை செய்யும். ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்குக் குறைவு, ஆண்களைக் காயடித்தால் குறையும். ஆனால் சி3எச்சுக்கும் சி57பிஎல்/6-க்கும் இடையிலிருக்கும் பெரிய வித்தியாசம் மரபணுவால் வருவது. ஏகேஆர் எலியின் லிம்போமா இன்னொரு தினுசு: வைரஸ் குரோமோசோமிலேயே வருவதால் செவிலித்தாயால் பயனில்லை, தைமஸை இளமையிலேயே எடுத்தால்தான் தடுக்க முடிகிறது. லுட்விக் கிராஸ் 1951-ல் இந்த எலிகளின் வடிகட்டிய சாற்றைப் பிறந்து சில மணி நேரமே ஆன சி3எச் குட்டிகளுக்குச் செலுத்தி ரத்தப் புற்றை வரவைத்தார். வளர்ந்த எலிகளில் முயன்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. வைரஸ் சோதனையில் வயதும் ஒரு காரணி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கூண்டும் கூடமும்

1975-ல் வெர்னன் ரைலி ஒரு முடிவை வெளியிட்டார். வைரஸ் உள்ள சி3எச் எலிகளைச் சத்தமும் நடமாட்டமும் உள்ள சாதாரண அறையில் வைத்தால் 400 நாளில் 92 சதவீதத்துக்குக் கட்டி, அமைதியான பாதுகாப்பான அறையில் வைத்தால் 7 சதவீதம். அதே மரபணு, அதே வைரஸ். பயத்தில் ஏறும் அட்ரினல் ஹார்மோன் எல்டிஆரையும் தொடுகிறது, எதிர்ப்பாற்றலையும் இறக்குகிறது. எனவே ஒரு குழுவைக் கதவோரத் தட்டிலும் மறு குழுவை மூலையிலும் வைக்காதீர்கள், கூண்டுகளைத் தட்டு மாற்றிக் கலந்து வையுங்கள். ஒரு கூண்டில் எத்தனை எலி, அறையில் ஆண் எலி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெண் எலிகளை மட்டும் நெருக்கமாக வைத்தால் அவற்றின் நான்கைந்து நாள் இனப்பெருக்கச் சுழற்சி தடுமாறும், ஆண் வாசனை பட்டால் திரும்ப ஒழுங்காகும்.

பழைய, கீறல் விழுந்த பாலிகார்பனேட் கூண்டுகளைக் கழித்துக்கட்டுங்கள். 1998-ல் பட்ரீசியா ஹன்ட் குழுவின் எலிகளில் கருமுட்டைகள் திடீரென்று கெட்டுப்போயின. கூண்டுகளைத் தவறான சோப்பு நீரில் கழுவியதால் பிளாஸ்டிக் அரித்து, பிஸ்பீனால் ஏ கசிந்திருந்தது. பிஸ்பீனால் ஏவும் ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடும் பொருள்தான்.

வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர்களையும் விட்டுவிடக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் எந்த மருந்தும் கொடுக்காத ஏ/ஜேசிஆர் ஆண் எலிகளுக்குக் கல்லீரல் அழற்சியும் கட்டியும் வந்ததைத் துருவிப் பார்த்தபோது ஹெலிகோபாக்டர் ஹெபாட்டிகஸ் என்ற புதிய பாக்டீரியா கிடைத்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கே கட்டி வந்தால் சோதனை என்ன ஆகும்? கட்டிகளை ஒரு எலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நடுபவர்கள் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை உயர்த்தும் வைரஸுக்கும் சோதித்துவிட வேண்டும், அது கட்டியோடு சத்தமில்லாமல் பயணம் செய்யும். மனிதக் கட்டியை நியூட் எலியில் (ரோமமும் தைமஸும் இல்லாத, எதிர்ப்பாற்றல் குறைந்த எலி) வளர்ப்பவர்களுக்கு எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் ஒரு பாடம். எலிக்குள் இருந்த இரண்டு வைரஸ் துண்டுகள் சேர்ந்து புதிதாக உருவாகி, மனிதப் புரோஸ்டேட் செல் வரிசையில் ஏறிக்கொண்டு, மனித நோய்க்குக் காரணம் என்று 2009-ல் பெரிய செய்தியாகி, 2011-ல் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற வேண்டி வந்தது.

தடவிப் பார்ப்பதும் குறித்து வைப்பதும்

வாரம் ஒரு முறை, ஒரே நாளில், முடிந்தால் ஒரே ஆள். எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தடவுபவருக்குத் தெரியக் கூடாது. எலிக்கு ஐந்து ஜோடிப் பால்சுரப்பிகள், மூன்று ஜோடி மார்புப் பக்கம், இரண்டு ஜோடி அடிவயிற்றுப் பக்கம். ஆனால் சுரப்பித் திசு நாம் நினைப்பதைவிடப் பரந்தது, கழுத்து வரை ஏறும், விலாவைச் சுற்றி முதுகுப் பக்கமும் போகும். கழுத்தில் வந்த கட்டியை உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விரல் நுனியைத் தாடைக்குக் கீழே தொடங்கி அக்குள், விலா, தொடை இடுக்கு என்று வரிசையாகக் கொண்டுபோங்கள். அரிசி அளவில் உருளும் சிறு உருண்டை நிணநீர் முடிச்சாகவும் இருக்கலாம், அடுத்த வாரமும் அதே அளவா என்று பாருங்கள்.

காலிப்பரில் நீளம், அகலம் எடுத்து, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு. அனுமதியில் எழுதிய எல்லையைத் தொட்டாலோ, தோல் புண்ணாகிவிட்டாலோ, எலி நடக்கச் சிரமப்பட்டாலோ அன்றே முடித்துவிடுங்கள், “இன்னும் ஒரு வாரம்” வேண்டாம். கட்டி வந்ததா இல்லையா என்று மட்டும் எழுதாமல் எந்த வயதில் முதலில் தட்டுப்பட்டது என்றும் எழுதுங்கள். இரண்டு குழுவிலும் கடைசியில் எல்லா எலிக்கும் கட்டி வந்திருக்கலாம், ஆனால் ஒன்றில் ஏழாம் மாதம், மற்றதில் பதினைந்தாம் மாதம் என்றால் அந்த எட்டு மாதம்தான் உங்கள் கண்டுபிடிப்பு. வேறு காரணத்தால் இடையில் இறந்த எலியைக் “கட்டி இல்லாதது” என்று சேர்க்காமல், இறந்த நாள் வரை கண்காணித்தது என்று கணக்கில் விடுங்கள்.

அறுக்கும்போது கட்டியின் ஒரு துண்டை ஃபார்மலினில், ஒரு துண்டை உறைநிலையில் வையுங்கள். கூடவே கட்டி இல்லாத நான்காம் எண் பால்சுரப்பியைக் கண்ணாடித் தகட்டில் விரித்து ஒட்டி, கார்மைன் சாயம் ஏற்றிப் பாருங்கள், கட்டியாவதற்கு முந்தைய நிலையில் உள்ள சிறு முடிச்சுகள் திராட்சைக் கொத்து மாதிரி அங்கே தெரியும். நுரையீரல் பரவலுக்கு, அட்ரினல், கருப்பை எடைக்கு, மண்ணீரல் வைரஸ் சோதனைக்கு. ஒவ்வொரு குப்பியிலும் எலியின் எண்ணோடு தாயின் எண்ணையும், பால் கொடுத்தது வேறு எலி என்றால் அதன் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.